புயலில் உடைந்த ஏரிக்கரை: அடைப்பதிலிருந்து மறுபடி நீர் தேக்குவது வரை

சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம், புழல், சோழவரம், வீராணம் நான்குமே மண்கரை ஏரிகள். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. புழல் 21.2 அடி, 3,300 மில்லியன் கன அடி. இத்தகைய ஏரியின் கரை புயல் மழையில் உடைந்தாலோ அரித்துப் போனாலோ என்ன வரிசையில் வேலை செய்வது என்பதே இந்த வழிகாட்டி. தளத்துக்குப் புதிதாக வரும் பொறியாளரையும் மேற்பார்வையாளரையும் மனதில் வைத்து எழுதியது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். உடைப்பை அடைப்பது ஒரு வேலை, கரையைச் சீரமைப்பது வேறு வேலை. புயல் நேரத்தில் போட்ட மூட்டையையும் அவசர மண்ணையும் உள்ளேயே விட்டு, அதன்மேல் நல்ல மண்ணைப் போட்டு மூடிய கரை அடுத்த டிசம்பரில் அதே இடத்தில் திறந்துகொள்ளும்.

காலக்கணக்கும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். நவம்பரில் கரை போனால் தற்காலிக அடைப்பு உடனே நடக்க வேண்டும். நிரந்தர வேலையைப் பிப்ரவரியில் தொடங்கி ஜூனுக்குள் மண்வேலையை முடித்துவிடுங்கள். செப்டம்பர் வரை நேரம் இருக்கிறது என்று நம்பவேண்டாம். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சென்னைப் பக்கம் சாயங்கால இடிமழை வந்தால் நனைந்த மண்ணில் ரோலர் இரண்டு நாள் நிற்கும்.

1. தண்ணீரை இறக்குங்கள், அவசரப்படாமல்

கரை இன்னும் நிற்கிறது, ஆனால் விரிசலோ கசிவோ தெரிகிறது என்றால் முதல் வேலை நீர்மட்டத்தைக் குறைப்பது. ஷட்டரை முழுக்கத் தூக்கிவிடத்தான் கை துறுதுறுக்கும். நீர்ப்பக்கச் சரிவின் மண் தண்ணீரில் ஊறிக் கனத்திருக்கும். எதிரே நிற்கும் தண்ணீர்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அது சட்டென்று இறங்கினால் மண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேற நேரம் கிடைக்காமல் சரிவே உள்பக்கமாகச் சரியும். களிமண் கரைக்கு ஒரு நாளைக்கு 30 செ.மீ. என்பது நிதானமான வேகம்.

விதிவிலக்கு ஒன்றுதான். பின்பக்கம் கலங்கல் நீராக ஊற்று அடித்தால், சரிவு சரிந்தாலும் பரவாயில்லை என்று வேகமாக இறக்குங்கள். சரிந்த சரிவைக் கட்டிவிடலாம். கரையே போனால் கீழே இருக்கும் ஊர் போகும்.

திறக்கும் அளவைக் கீழ்ப்பகுதி மக்களுக்குச் சொன்ன பிறகே திறக்க வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை போனது. ஆறு ஏற்கெனவே நிரம்பி ஓடும்போது அத்தகைய அளவு என்ன செய்யும் என்பது சைதாப்பேட்டைக்காரர்களுக்குத் தெரியும்.

2. ஊற்றுக்கண்ணை அடைக்காதீர்கள், சுற்றிக் கட்டுங்கள்

பின்பக்க அடியில் மணலைக் கக்கிக்கொண்டு ஊற்று வந்தால், அதன் வாயில் மூட்டையைப் போட்டு அழுத்துவதுதான் எல்லோரும் செய்வது. அழுத்தம் உள்ளே அப்படியே இருக்கும். பத்தடி தள்ளி வேறு இடத்தில் பீறிடும்.

ஊற்றைச் சுற்றி வட்டமாக மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீர் ஏற விடுங்கள். ஏறிய நீரின் எடை ஊற்றின் வேகத்தைக் குறைக்கும். மண் வருவது நின்று தெளிந்த நீர் வரும் உயரத்தோடு அடுக்குவதை நிறுத்தி, வழிய ஒரு வாய் விடுங்கள். கசிவை முழுக்க நிறுத்த முடியாது. மண்ணை அது எடுத்துப் போகாமல் இருந்தால் போதும்.

3. உடைந்த கரைக்கு வளைய அடைப்பு

உடைந்துவிட்டால் முதலில் காக்க வேண்டியது உடைப்பின் இரண்டு ஓரங்களை. ஓடும் நீர் ஓரத்தின் அடியைத் தின்றுகொண்டே போகும்; 10 மீட்டர் உடைப்பு ஒரே இரவில் 40 மீட்டர் ஆகலாம். இரு ஓரங்களிலும் சவுக்குக் கம்பு அடித்து, பெரிய கற்களைக் கம்பி வலையில் கட்டி இறக்குங்கள். நடுவை மூடுவது ஓட்டம் தணிந்த பிறகு.

மூடும்போதும் உடைந்த இடத்திலேயே மூடாதீர்கள். அங்கே தண்ணீர் தோண்டிய பள்ளம் தரைமட்டத்துக்குக் கீழே பல அடி இருக்கும், எவ்வளவு கொட்டினாலும் விழுங்கும். நீர்ப்பக்கமாகத் தள்ளி, இருபுறமும் கெட்டியாக உள்ள கரையில் முட்டும்படி பிறை வடிவில் அடைப்பைக் கொண்டுபோங்கள். பின்னால் நிரந்தர வேலைக்கு இடமும் கிடைக்கும்.

அளவு சொன்னால் விளங்கும். பிறை 40 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் உயரம், மேலே 0.6, அடியில் 3 மீட்டர் அகலம் என்று கொண்டால் மொத்தம் 108 கன மீட்டர். இருபக்கமும் மூட்டை, நடுவில் மிதித்த களிமண். பாதி மூட்டை என்றால் 54 கன மீட்டர். ஒரு மூட்டைக்கு 30 லிட்டர் வீதம் 1,800 மூட்டை. கிழிவதும் சேற்றில் புதைவதும் சேர்த்து 2,200 கேளுங்கள். இந்த உயரத்துக்கு 1 மீட்டர் தண்ணீர்வரை தாங்க விடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

மூட்டையை முட்ட நிரப்பிக் கட்டுவது புதியவர்களின் தவறு. பலாப்பழம் போல உருண்ட மூட்டைகளுக்கு நடுவே தண்ணீர் சுகமாகப் போகும். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, வாயை மடித்து, மடிப்பு அடியில் வரும்படி படுக்க வைத்து மிதியுங்கள். செங்கல் போல இணைப்பு மாறி மாறி வரட்டும்.

4. நகரத்தின் குழாய்

கரை வேலை நடக்கும் மாதங்களில் ஏரி நீர் சேறாக இருக்கும். வேறு ஏரி அல்லது கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எவ்வளவு ஈடுகட்ட முடியும் என்பதைக் குடிநீர் வாரியத்தோடு பேசி எழுத்தில் வாங்குவது மண்வேலை டெண்டருக்கு முன்பே முடிய வேண்டும். ஏரியை எவ்வளவு இறக்கலாம் என்பதே அதைப் பொறுத்தது.

ஏரியிலிருந்து எடுத்தே ஆக வேண்டுமானால், நீர் எடுக்கும் கோபுரத்தைச் சுற்றி மிதவைத் திரை கட்டி, படிகார அளவைத் தினமும் ஜாடிச் சோதனையில் முடிவு செய்யுங்கள். ஆறு ஜாடிகளில் லிட்டருக்கு 20 முதல் 70 மி.கி. வரை 10 மி.கி. இடைவெளியில் போட்டு, ஒரு நிமிடம் வேகமாக, 15 நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் தெளிய விட்டுப் பாருங்கள். நேற்றைய அளவை இன்றும் போடுவது சேற்றுக் காலத்தில் செல்லாது. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி கலங்கல் தன்மை 1 என்.டி.யு.வுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு) இருக்க வேண்டும்; வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 5 வரை. குழாயின் கடைசி வீட்டில் லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரின் மிஞ்ச வேண்டும்.

5. ஏன் உடைந்தது?

பொக்லைன் இறங்கும் முன் இதை முடியுங்கள். தோண்டிய பிறகு சாட்சி இருக்காது. உடைப்பின் இரு முகங்களையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, மண் அடுக்குகளை வரைந்து, ஒவ்வோர் அடுக்கிலும் மாதிரி எடுத்து வையுங்கள்.

கரைமேல் தண்ணீர் வழிந்து போயிருந்தால் பின்பக்கச் சரிவில் படிக்கட்டு போன்ற அரிப்பு உடைப்புக்கு அப்பாலும் தெரியும்; புல் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். கரையின் மேல்மட்டத்தை 10 மீட்டருக்கு ஒரு லெவல் எடுத்தால், வண்டி ஓடித் தாழ்ந்த இடம் பிடிபடும். அப்படியானால் உடைந்த இடத்தை மட்டும் கட்டுவது போதாது, கரை முழுவதும் ஒரே மட்டத்துக்கு வர வேண்டும்.

தண்ணீர் கரைக்குள் புகுந்து மண்ணைக் கரைத்திருந்தால் முகத்தில் குழாய் போன்ற ஓட்டைகள், எலி வளை, நண்டு வளை, சீமைக் கருவேல வேர் செத்து விட்டுப்போன வெற்றிடம் தெரியும். உடைப்பு மதகுக்கு ஒட்டியே இருந்தால், மதகுச் சுவரும் மண்ணும் சேரும் இடத்தைச் சந்தேகப்படுங்கள். மண்கரைகளில் மிகப் பலவீனமான இடம் அதுதான். உடைப்பே இல்லாமல் நீர்ப்பக்கத்தில் மட்டும் கல் பெயர்ந்து செங்குத்தாக வெட்டியது போல இருந்தால் அது அலை அரிப்பு. புயல் காற்று அகலமான நீர்ப்பரப்பைத் தாண்டி நேராக மோதும் கரையில்தான் அது வரும்.

6. வேலைக்கு முன் சேர்க்க வேண்டியவை

இனி ஓர் எடுத்துக்காட்டோடு போவோம். கரை உயரம் 5 மீட்டர், மேல் அகலம் 3.6, இரு சரிவும் 2-க்கு 1 (கிடை 2, செங்குத்து 1). அடி அகலம் 23.6 மீட்டர். உடைப்பின் அடி நீளம் 12 மீட்டர். ஓரங்களையும் 2-க்கு 1 என்று சீவினால் மேலே 32 மீட்டர் ஆகும். கெட்டித்த மண் சுமார் 1,330 கன மீட்டர். அடிவாரத் தோண்டலுக்கும் சாவிப் பள்ளத்துக்கும் (புதுமண் அடித்தரையைப் பிடித்து நிற்க வெட்டும் பள்ளம்) பத்து சதவீதம் சேர்த்தால் 1,460. லாரியில் ஏறும்போது மண் உதிர்ந்திருப்பதால் 1.25 மடங்கு, அதாவது 1,830 கன மீட்டர். மூன்று யூனிட் டிப்பர் 8.5 கன மீட்டர் ஏற்றும். சுமார் 215 நடை.

தண்ணீரைக் கணக்கில் விடுவது வாடிக்கை. மண்ணுக்கு உகந்த ஈரம் 14 சதவீதம், குழியில் இருப்பது 8 என்றால், கன மீட்டருக்கு ஏறக்குறைய 105 லிட்டர் சேர்க்க வேண்டும். மொத்தம் ஒன்றரை லட்சம் லிட்டர். 9,000 லிட்டர் லாரி 17 நடை. மே மாத வெயிலில் ஆவியாவதற்கு இதில் பாதியைக் கூடுதலாக வையுங்கள்.

மண்ணைத் தேர்வதில்தான் பாதி வேலை. நீர் விடாத நடுப்பகுதிக்குக் களி கலந்த மண் வேண்டும். சவுடு மண்ணை மட்டும் போட்டால் நிற்காது. கரிசல் கரம்பையை வெளிப்பக்கம் போட்டால் கோடையில் வெடித்து, முதல் மழையில் அந்த வெடிப்பில் தண்ணீர் புகும். அது நடுவில் இருக்கலாம், மேலே கிராவல் போர்வை வேண்டும்.

ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். குண்டுமணி அளவு மண் உருண்டையை அசையாத சுத்தமான நீரில் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். உருண்டை சும்மா உடைந்து அடியில் குவிந்தால் கவலையில்லை. அதைச் சுற்றிப் பால் போல மேகம் பரவினால் அந்த மண் கரைந்தோடும் ஜாதி. எவ்வளவு கெட்டித்தாலும் சிறு கசிவே அதைத் தின்றுவிடும். அந்தக் குழியை விட்டுவிடுங்கள்.

மண்ணை ஏரிக்குள்ளேயே எடுப்பதானால் கரை அடியிலிருந்து 50 மீட்டருக்குள் தோண்ட விடாதீர்கள். நடை மிச்சம் என்று ஒப்பந்ததாரர் பக்கத்திலேயே குழி போடுவார். கசிவுப் பாதை அங்கேதான் குறுகும்.

7. வெட்டி அகற்றுதல்

கட்டுவதற்கு முன் உடைப்பைப் பெரிதாக்க வேண்டும். பார்ப்பவருக்கு இது விநோதமாகத் தெரியும், மேலதிகாரியும் கேட்பார். காரணம் எளிது: செங்குத்தான பழைய முகத்தின் அருகே புதிய மண் அமிழும்போது இரண்டுக்கும் நடுவே விரிசல் விடும். 2-க்கு 1 சாய்வாகச் சீவினால் புதிய மண் தன் எடையாலேயே பழையதன்மேல் அழுந்தி உட்காரும்.

பள்ளத்து நீரை இறைத்து, சேற்றை முழுக்க எடுங்கள். அவசர நாளில் போட்ட மூட்டை, கம்பு, கல் எல்லாம் வெளியே வர வேண்டும். 16 மி.மீ. கம்பியைக் கையால் அழுத்தினால் இறங்காத கெட்டித் தரை வரும் வரை தோண்டுங்கள். பிறகு கரையின் நீளவாக்கில் நடுவே சாவிப் பள்ளம் ஒன்று, பழைய முகங்களில் 30 செ.மீ. உயரப் படிகள். புதுமண்ணைக் கொட்டும் முன் ஒவ்வொரு படியையும் கீறி நனையுங்கள். வழவழப்பான வெட்டுமுகத்தில் புதுமண் ஒட்டாது.

8. அடுக்கடுக்காக ஏற்றுதல்

கெட்டித்த பிறகு 15 செ.மீ. வர வேண்டும், அதற்கு 20 முதல் 22 செ.மீ. உதிரி மண் பரப்ப வேண்டும். 5 மீட்டருக்கு 33, 34 அடுக்கு. நாளைக்கு இரண்டு மூன்று அடுக்கு என்றால் சுமார் இரண்டு வாரம் ஆகும். ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் 40 செ.மீ. அடுக்குப் போடப் போகிறார் என்று அர்த்தம். ரோலரின் பலம் மேல் 15 செ.மீ.யோடு சரி, அடியில் மண் உதிரியாகவே கிடக்கும், மேலே நடந்தால் தெரியாது.

ஈரத்தைக் குழியிலேயே சரிசெய்வது நல்லது. முந்தின நாள் நீர் விட்டு ஊற வைத்த மண் ஒரே சீராக இருக்கும். கரைமேல் பரப்பிய பிறகு நீர் தெளித்தால் மேலே சேறு, அடியில் பொடி. கைச்சோதனை: ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரி. தூளானால் ஈரம் போதாது, தட்டையாக அப்பினால் ஈரம் அதிகம்.

களிமண்ணுக்குப் பற்கள் உள்ள ஷீப்ஃபூட் ரோலர்தான் பொருந்தும். அது மண்ணைப் பிசைந்து அடுக்குகளை ஒன்றோடொன்று கோக்கும். வழவழ டிரம் ரோலர் மட்டும் இருந்தால் ஒவ்வோர் அடுக்கின் மேலும் கலப்பையால் கீறிவிட்டு அடுத்ததைப் போடுங்கள். இல்லாவிட்டால் அப்பளக் கட்டு போல அடுக்கடுக்காகப் பிரியும். ரோலர் கரையின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓட்டினால் அதன் தடமே கசிவுக்கு வழியாகும்.

ஒவ்வோர் அடுக்கிலும் அடர்த்தி பார்க்காமல் அடுத்த அடுக்குக்கு அனுமதி கொடுக்காதீர்கள். களிமண்ணுக்கு உருளை வெட்டி (மண்ணில் அடித்து மாதிரி எடுக்கும் இரும்பு உருளை), கல் கலந்த மண்ணுக்கு மணல் மாற்று முறை (தோண்டிய குழியின் அளவை மணல் ஊற்றி அறிவது). ஆய்வகத்தில் பிராக்டர் அடர்த்தி (உகந்த ஈரத்தில் இடித்துக் கெட்டிக்கும்போது வரும் உச்ச உலர் அடர்த்தி) கன செ.மீ.க்கு 1.80 கிராம் வந்து, தளத்தில் 1.66 கிடைத்தால் 92 சதவீதம்தான். கீறி, ஈரம் சரிசெய்து, மறுபடி உருட்ட வேண்டும். 95-க்குக் குறையக் கூடாது. ஒப்பந்தம் 98 கேட்டால் 98. சோதனைக் குழியை ரோலர் ஓடிய நடுவில் மட்டும் எடுக்காமல், பழைய மண்ணும் புதியதும் சேரும் ஓரத்திலும் எடுங்கள். பிழை அங்கேதான் இருக்கும்.

சரிவு ஓரங்களை 30 செ.மீ. கூடுதலாகக் கட்டி, பிறகு சீவுங்கள். விளிம்பில் ரோலர் ஏறாது. அந்த உதிரி விளிம்பு கரையில் தங்கக் கூடாது. அமிழ்வுக்காக மேல்மட்டத்தில் உயரத்தின் 2 சதவீதம், இங்கே 10 செ.மீ., ஏற்றி முடியுங்கள்.

9. மதகுச் சுவரை ஒட்டி

சுவரிலிருந்து 60 செ.மீ.க்குள் ரோலர் வேண்டாம். கைத்தடிப்பான் இயந்திரத்தால் 10 செ.மீ. அடுக்கு, மற்ற இடத்தைவிட 1 முதல் 2 சதவீதம் ஈரம் கூட. சுவரில் களிக்குழம்பு பூசுவதானால் மண் போடுவதற்குச் சற்று முன் பூசுங்கள். காலையில் பூசி மாலையில் மண் போட்டால் காய்ந்த தோலாகப் பிரிந்து நிற்கும்.

பழைய வரைபடங்களில் மதகுக் குழாயைச் சுற்றிக் காங்கிரீட் வளையங்கள் இருக்கும். அவற்றின் மூலைகளில் மண்ணைக் கெட்டிக்க முடியாது. அதைவிடக் கீழ்ப்பகுதியில் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டிப் போர்வை வைப்பது மேல். கசிவு வந்தாலும் மண் வெளியேறாது.

10. வடிகட்டியும் அடிவடிகாலும்

பின்பக்க அடியில் மணல், ஜல்லி, கல் என்ற வரிசையில் வடிகால். மணலின் அளவு கண்ணால் முடிவு செய்வதல்ல. டி15 என்பது எடையில் 15 சதவீத மணிகள் அதைவிடச் சிறியதாக இருக்கும் அளவு, டி85 என்றால் 85 சதவீதம். வடிகட்டியின் டி15, கரை மண்ணின் டி85-ஐப் போல் 5 மடங்குக்குள் இருந்தால் மண் புகாது. கரை மண்ணின் டி15-ஐப் போல் 5 மடங்குக்கு மேல் இருந்தால் தண்ணீர் தேங்காது. இரண்டும் பொருந்த வேண்டும். எம்-சாண்டில் தூசு அதிகம். 5 சதவீதத்தைத் தாண்டினால் கழுவிப் போடுங்கள்.

வடிகால் முடியும் இடத்தில் கசிவை அளக்க 90 டிகிரி வி-வடிவ வெட்டுள்ள தகடு வையுங்கள். நீர் 5 செ.மீ. உயரம் போனால் நொடிக்கு 0.8 லிட்டர் அளவில் கசிவு, 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர். உயரம் இருமடங்கானால் கசிவு ஐந்து மடங்குக்கு மேல் ஏறுகிறது என்பதைக் காவலாளிக்கும் சொல்லி வையுங்கள்.

11. நீர்ப்பக்கம் கல் பாவுதல்

அலை தின்ற பள்ளத்தில் கல்லைக் கொட்டி நிரப்பக் கூடாது. கல் இடுக்கில் அலை புகுந்து பின்னாலுள்ள மண்ணை உறிஞ்சும். பள்ளத்தைப் படிகளாக வெட்டி, மண்ணால் நிரப்பிக் கெட்டித்து, மணலும் ஜல்லியும் தலா 15 செ.மீ. போட்டு, அதன்மேல் 30 செ.மீ. கல்.

அடிச்சுவர் முதலில். மேலிருந்து தொடங்கினால் கல் வழுக்கி இறங்கும். ஒவ்வொரு கல்லின் நீளப்பக்கமும் சரிவுக்குள் குத்தி நிற்க வேண்டும். படுக்க வைத்தால் பரப்பு வேகமாக ஏறும். பில்லுக்கு அளவு எழுதும் புத்தகத்துக்கு நல்லது, கரைக்கு அல்ல. இடுக்குகளைச் சிமெண்டால் பூசி மூடுவது அழகாக இருக்கும், ஆனால் நீர் இறங்கும்போது உள்ளே சிக்கிய நீர் கல்லைத் தள்ளிப் பெயர்த்துவிடும்.

12. கலங்கலும் ஷட்டரும்

கலங்கலின், அதாவது ஏரியின் மிகுநீர் வழிந்தோடும் இடத்தின், அடித்தளத்தைக் கடப்பாரையால் தட்டிப் பாருங்கள். பொக்கையாக ஒலித்தால் அடியில் மண் போயிருக்கிறது, துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பு செலுத்த வேண்டும். ஷட்டரின் ரப்பர் முத்திரை, இரும்புக் கயிறு, கைச்சக்கரம் மூன்றையும் மின்சாரம் இல்லாமல் இயக்கிச் சோதியுங்கள். புயல் அன்று மின்சாரம் இருக்காது. ஆகாயத்தாமரை முன்னால் குவியாமல் மிதவைச் சங்கிலி கட்டுங்கள்.

13. மறுபடி நீர் தேக்குதல்

முதலில் பிறை அடைப்பை முழுவதும் எடுங்கள். விட்ட மூட்டை கிழிந்து மதகுச் சல்லடையில்தான் வந்து உட்காரும்.

முழு உயரத்துக்கு ஒரேயடியாக நிரப்பாதீர்கள். மூன்றில் ஒரு பங்கில் மூன்று நாள், மூன்றில் இரண்டில் ஒரு வாரம், அதன்பின் நாளைக்கு 30 செ.மீ.க்கு மிகாமல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வி-தகட்டின் அளவு, கசிவு நீரின் நிறம், மேல்மட்டத்தின் லெவல் மூன்றையும் குறியுங்கள். நீர்மட்டம் அசையாதபோது கசிவு கூடினாலோ நிறம் மாறினாலோ நிரப்புவதை நிறுத்தி, முதல் பகுதியில் சொன்னபடி இறக்குங்கள். வெயில் ஏறும் முன் அதிகாலையில் பின்சரிவை நடந்து பாருங்கள். ஈரத்திட்டு அப்போதுதான் தெரியும்.

முதல் மழைக்காலத்தில் டிசம்பர் கடைசி வரை 500 வெறும் சாக்கு, ஐந்து நடை கிராவல், நூறு சவுக்குக் கம்பு, ஒரு ஜெனரேட்டர் ஆகியவை கரைமேலேயே இருக்கட்டும். கிடங்கில் வைத்தால் சாலை மூழ்கிய இரவில் அவை வந்து சேராது.